டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? படகுக்கு எஞ்சின் மாற்றும் முன் ஒரு கணக்கு

படகு நன்றாகத்தான் இருக்கிறது, எஞ்சின்தான் தேய்ந்துவிட்டது. ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் செலவு இது. கடைக்குப் போனால் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்று, இதுவரை நீங்கள் ஓட்டிய டூ ஸ்ட்ரோக். இன்னொன்று, விலை கூடினாலும் எரிபொருள் மிச்சம் என்று சொல்லி விற்கும் ஃபோர் ஸ்ட்ரோக்.

குமரிக் கரையிலிருந்து பாக் நீரிணை வரை, 9.9 முதல் 40 எச்.பி. வரை அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) கட்டி ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டில் எது உசத்தி என்று பேசிப் பயனில்லை. உங்கள் படகு எங்கே கரையேறுகிறது, அதில் என்ன ஊற்றுகிறீர்கள், வருஷத்தில் எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடுகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

பிஸ்டன் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் உருளை) ஒருமுறை மேலே போவது ஒரு ஸ்ட்ரோக், கீழே வருவது இன்னொரு ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் வெடித்துத் தள்ளுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தள்ளுகிறது.

அதனால் ஒரே சக்திக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைச் சின்னதாக, எடை குறைவாகச் செய்துவிடலாம். அதில் வால்வும் (காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடும் அடைப்பான்) கிடையாது, தனி ஆயில் தொட்டியும் கிடையாது. பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலை நீங்களே எரிபொருளில் கலந்து ஊற்றுகிறீர்கள்.

குறை என்னவென்றால், எரிந்த புகையை வெளியே தள்ளும் அதே நேரத்தில் புது எரிபொருளும் உள்ளே வருகிறது. இரண்டு வாசலும் ஒன்றாகத் திறந்திருப்பதால் கார்பரேட்டர் (காற்றையும் எரிபொருளையும் கலந்து அனுப்பும் பகுதி) வைத்த டூ ஸ்ட்ரோக்கில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான எரிபொருள் எரியாமலே புகையோடு வெளியேறிவிடலாம். பின்னால் தண்ணீரில் மினுமினுக்கும் எண்ணெய்ப் படலத்தில் இருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளும் ஆயிலும்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு நேரம் பார்த்து மூடுவதால் இந்த ஒழுக்கு மிகவும் குறைவு.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் கரையைப் பாருங்கள். துறைமுகத்திலோ முகத்துவாரத்திலோ படகைக் கட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றாமல் வீட்டுக்குப் போகிறவருக்கு எடை பெரிய விஷயமில்லை. அலையடிக்கும் மணல் கரையில் படகை ஏற்றி, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து போகிறவருக்கு அதுதான் முதல் விஷயம்.

15 எச்.பி. வகையில் டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ இருக்கும். அதே சக்தியுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவை ஒட்டி வரும். 40 எச்.பி.க்குப் போனால் வித்தியாசம் 20 கிலோவுக்கு மேல் போகும். மாடலுக்கு மாடல் இது மாறும். வாங்கப்போகும் எஞ்சினின் தகவல் தாளில் எடையைப் படித்துவிடுங்கள்.

பதினைந்து கிலோ கூடினால் படகு தாங்காதா?

பெரும்பாலும் தாங்கும். ஆனால் அந்த எடை முழுவதும் கடையாலில் (படகின் பின்முனை) உட்காருகிறது. பின்புறம் தாழ்ந்து அணியம் (முன்முனை) தூக்கினால் காற்றில் படகு அலையும், பின்னால் வரும் அலை உள்ளே ஏறும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இதை வாங்காமலே சோதித்துப் பார்க்கலாம். புது எஞ்சினுக்கும் பழையதற்கும் எத்தனை கிலோ வித்தியாசமோ அத்தனை கிலோ மணலைச் சாக்கில் கட்டி, பழைய எஞ்சினை ஒட்டிக் கடையாலில் வைத்துக் கட்டுங்கள். வழக்கமான ஆட்களோடும் வலையோடும் ஒருநாள் போய்வாருங்கள். பின்புறத்துத் தண்ணீர் வடியும் துளை வெளியே நிற்கிறதா, நீருக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். மீனோடு திரும்பும்போது ஒருமுறை மறுபடி பாருங்கள். துளை நீருக்குள் போய்விட்டால் எரிபொருள் பெட்டியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் நகர்த்தி இன்னொரு நாள் பார்க்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த எஞ்சின் உங்கள் படகுக்கு இல்லை.

பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். ஃபைபர் பூச்சுக்குள் மரப்பலகை இருந்து, போல்ட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உளுத்திருந்தால் மொத்தென்ற சத்தம் வரும். அதைச் சரிசெய்யாமல் எந்தப் புது எஞ்சினையும் மாட்டக் கூடாது.

அலையில் எது கைகொடுக்கும்?

இரண்டு அலைக்கு நடுவே இடைவெளி பார்த்து படகை வெளியே எடுக்கிறவருக்கு முறுக்கியதும் இழுக்கிற எஞ்சின் வேண்டும். அங்கே டூ ஸ்ட்ரோக் முந்தும். ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளுவதாலும் எடை குறைவாக இருப்பதாலும் அது சட்டென்று வேகம் பிடிக்கிறது.

மெதுவாக ஓட்டிக்கொண்டே வலை விடுகிறவருக்கும், தூண்டில் கயிற்றைப் பின்னால் விட்டு மணிக்கணக்கில் இழுக்கிறவருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் சௌகரியம். குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு இருமாமல் ஓடும். டூ ஸ்ட்ரோக்கை அப்படி நெடுநேரம் ஓட்டினால் பிளக்கில் (தீப்பொறி தரும் முனை) கரி பிடித்து நின்றுவிடும். அதற்காகவே மாற்று பிளக் ஒன்றை மடியில் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்கிவிட்டால்?

மணல் கரைக்காரர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. டூ ஸ்ட்ரோக் மூழ்கினால் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைத் தலைகீழாகச் சாய்த்து உப்புத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, கார்பரேட்டரைத் துடைத்து அன்றைக்கே ஓட வைத்துவிடலாம். தாமதித்தால்தான் துரு பிடிக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதோடு வேலை முடியாது. அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்ளும் கடல் நீர் போயிருக்கும். ஆயில் குச்சியை (ஆயில் அளவு காட்டும் கம்பி) இழுத்துப் பார்த்தால் பால் கலந்த டீ நிறத்தில் வரும். அந்த நிறம் போகும் வரை ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். எரிபொருள் பீச்சும் மின்னணுக் கருவி உள்ள மாடல் என்றால் மெக்கானிக் இல்லாமல் ஆகாது.

எந்த வகையானாலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்து, கயிறு இழுக்கக் கனமாக இருந்தால் பலம் போட்டு இழுக்காதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் சிக்கி பிஸ்டன் தண்டு வளைந்திருக்கலாம்.

தூக்கிப் போகும்போதும் ஒரு வித்தியாசம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கை வண்டியில் எப்படிப் படுக்கப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கையேட்டில் காட்டிய பக்கமாக மட்டுமே படுக்க வைக்க வேண்டும். மாறிப் படுத்தால் தொட்டி ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

எரிபொருள் கணக்கு உண்மையில் எவ்வளவு?

ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக் ஒரு எச்.பி.க்கு மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு குடிக்கும். அதாவது 9.9 எஞ்சினுக்கு மணிக்கு 5 லிட்டர் எங்கே, 3.3 லிட்டர் எங்கே!

யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. எனவே மிச்சத்தைக் குறைத்து, மணிக்கு ஒன்றேகால் லிட்டர் என்றே வைப்போம். நாளைக்கு 4 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள் கடலுக்குப் போனால் 800 மணி நேரம். மிச்சம் 1,000 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு லட்ச ரூபாய்.

ஆயிலையும் சேர்த்துப் பாருங்கள். 50-க்கு 1 என்ற கலவையில் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 20 மில்லி ஆயில் போகும். மணிக்குச் சராசரி 4 லிட்டர் ஓடினால் 800 மணி நேரத்தில் 64 லிட்டர் ஆயில் ஆகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். இந்த அளவு எஞ்சினுக்கு ஒருமுறைக்குச் சுமார் ஒரு லிட்டர், ஆக வருஷத்துக்கு 8 லிட்டர்.

வருஷத்தில் 100 மணி நேரமே ஓட்டுகிறவருக்கு இதே மிச்சம் 125 லிட்டராகச் சுருங்கிவிடும். கூடுதல் விலை திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், போன வருஷம் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறேனே?

நம் கரையில் கணக்கு புரள்வது இங்கேதான். மண்ணெண்ணெய் வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுவீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பெரும்பாலும் பெட்ரோலுக்காகச் செய்தவை. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டும். சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆகவே ஒப்பிட வேண்டியது 5 லிட்டர் மண்ணெண்ணெயையும் 3.3 லிட்டர் பெட்ரோலையும். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மணிக்கு 330 ரூபாய். டூ ஸ்ட்ரோக்குக்கு 100 மில்லி ஆயில் போகும், ஆயில் லிட்டர் 400 ரூபாய் என்றால் அது 40 ரூபாய். மீதி 290 ரூபாயை 5 லிட்டருக்கு வகுத்தால் 58. அதாவது, மண்ணெண்ணெய் உங்களுக்கு 58 ரூபாய்க்கு உள்ளே கிடைக்கும்வரை டூ ஸ்ட்ரோக் லாபம். அதற்கு மேலே போனால் ஃபோர் ஸ்ட்ரோக் லாபம். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

மானிய மண்ணெண்ணெய் இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கும். ஆனால் மானியம் ஓர் அளவுக்குத்தான். அது தீர்ந்தபின் வெளியில் வாங்கும் லிட்டரையும் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

விலை ஒரே இரவில் மாறக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு மறுநாள் கடலுக்குப் போவதே கேள்வியாகிவிட்டது. பத்து வருஷம் ஓடப்போகும் எஞ்சினை இன்றைய மானிய விலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

வெளிநாட்டில் டூ ஸ்ட்ரோக்கை நிறுத்திவிட்டார்களாமே, உதிரிபாகம் கிடைக்குமா?

அமெரிக்காவில் 1996-ல் வந்த புகை விதிகள் 2006 வரை படிப்படியாக இறுக்கப்பட்டதால் பழைய பாணி டூ ஸ்ட்ரோக் அங்கே விற்பனையிலிருந்து விலகியது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் புதுவகை டூ ஸ்ட்ரோக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 2020-ல் எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தி நின்றதோடு அந்த வரிசையும் ஏறக்குறைய முடிந்தது. ஹோண்டா 1964-ல் அவுட்போர்டு தொழிலுக்கு வந்தபோதே ஃபோர் ஸ்ட்ரோக்கோடுதான் வந்தது.

ஆனால் யமஹாவும் சுசுகியும் ஆசிய, ஆப்பிரிக்கக் கரைகளுக்காகக் கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக்கை விடாமல் விற்றுவந்திருக்கின்றன. நம் கரையில் அந்த மாடல்கள் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் உடனடியாகப் பாகத் தட்டுப்பாடு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய எஞ்சினை, அதுவும் நம் ஊரில் ஓடாத மாடலை, விலை மலிவு என்று வாங்குவதில்தான் ஆபத்து.

பராமரிப்பு எதில் சுலபம்?

தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரம்), பிளக், கியர் ஆயில் இவை இரண்டுக்கும் பொது. மணல் கலங்கும் கரையில் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். பக்கவாட்டில் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே பார்க்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயிலும் வடிகட்டியும் மாற்றுவது, வால்வு இடைவெளி சரிபார்ப்பது கூடுதல் வேலை. முதல் ஆயில் மாற்றம் பொதுவாக 20 மணி நேரத்திலேயே வந்துவிடும். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் சரிப்படாது.

டூ ஸ்ட்ரோக்கில் இந்த வேலை இல்லை. ஆனால் கலவையில் தவறினால் மன்னிப்பும் இல்லை. ஆயில் கலக்காமல் ஒருமுறை ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் டூ-டி ஆயிலை ஊற்றாதீர்கள். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு டி.சி.டபிள்யூ-3 என்று குறித்த ஆயில்தான்.

பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலையும் (கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் சாராயம்) கவனிக்க வேண்டும். அது ஈரத்தை இழுத்து, எரிபொருள் பெட்டியின் அடியில் தனிப் படலமாகத் தங்கும். அந்தப் படலத்தில் ஆயில் இருக்காது. டூ ஸ்ட்ரோக் அதை உறிஞ்சினால் உயவு இல்லாமல் ஓடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிபொருள் பீச்சும் துளைகள் கெடும். எத்தனை விழுக்காடு எத்தனால் வரை அனுமதி என்று கையேட்டில் பாருங்கள். எதை வாங்கினாலும் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை இடையில் மாட்டுங்கள். பெட்ரோலை வாரக்கணக்கில் பெட்டியில் தேக்காதீர்கள்.

பழைய சாமான்களை அப்படியே பயன்படுத்தலாமா?

எஞ்சின் கால் நீளத்தை முதலில் அளவெடுங்கள். வழக்கத்தில் 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உயரத்துக்கு அது பொருந்தி, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிப்பாகத்தை ஒட்டி, அல்லது சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். மிகவும் கீழே போனால் இழுவை கூடும்.

புரொப்பெல்லரும் மாறும். புது எஞ்சினை முழுச் சுமையோடு, முழு வேகத்தில் ஓட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். கையேட்டில் சொன்ன எல்லையைத் தொடாவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) குறைந்ததாக மாற்ற வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 200 கூடும். எல்லைக்குக் கீழேயே திணறி ஓடும் எஞ்சின் எந்த வகையானாலும் எரிபொருளையும் தின்னும், ஆயுளையும் தின்னும்.

பழைய கேன்களில் கவனம். ஆயில் கலந்த பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போனால் புகையும், பிளக் அடைக்கும், அவ்வளவுதான். வெறும் பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்குக்குப் போனால் எஞ்சினே போய்விடும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் கேனுக்கு வேறு வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

மணல் கரையில் அலையைத் தாண்டிப் போய்வருகிறீர்கள், எஞ்சினைத் தினமும் சுமக்கிறீர்கள், மானிய மண்ணெண்ணெய் பெரும்பகுதி நாளுக்குப் போதுகிறது என்றால் டூ ஸ்ட்ரோக்கே போதும். வருஷத்தில் சில நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கும் அதுவே சரி.

துறைமுகத்தில் கட்டும் படகு, பெட்ரோல் அல்லது வெளிவிலை மண்ணெண்ணெய், வருஷத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் தன் கூடுதல் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்துவிடும். புகையும் சத்தமும் குறைவதால் நாள் முழுக்கச் சுக்கானில் உட்காருகிறவரின் தலைவலியும் குறையும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவருக்கும் இதுவே நல்லது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்களா? அப்போது மெக்கானிக் முடிவு செய்யட்டும். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஃபோர் ஸ்ட்ரோக் வால்வைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஒரு பழுதுக்கு வண்டி வாடகையும் தொழில் போன நாட்களும் சேர்ந்து எரிபொருள் மிச்சத்தை விழுங்கிவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வாங்கப்போகும் மாடலுக்கான இம்பெல்லர், ஆயில் வடிகட்டி அல்லது கார்பரேட்டர் கிட், புரொப்பெல்லர் மூன்றையும் கடைக்காரரை மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 'வரவழைத்துத் தருகிறேன்' என்றால், எத்தனை நாளில் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.